துண்டுக்கு அடியில் நான் கொடுத்த கை

பேராசிரியர் ஐயா, மட்டாஞ்சேரி ராவுத்தர் வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தவர் நீங்கள். ஐந்து வருடமாகத் திருப்பித் தராதவரும் நீங்கள்தான். நமது பல்கலைக்கழகக் கலை அறிவியல் கல்லூரியில் உங்கள் சரித்திரத் துறைக்கு நான் அட்டெண்டர். மூன்று முறை கேட்டேன். தேடுகிறேன் என்றீர்கள். அதனால் லீவு போட்டு நானே போய்வந்தேன். போகாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை 7.15. இரவு ஈரோட்டில் வண்டி மாறி, நின்றுகொண்டே வந்து எர்ணாகுளத்தில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை ஒரு மைல் இருக்கும், நடந்தேன். பிராட்வேயில் கடைகளுக்குப் பலகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புட்டும் சாயாவும் இருபத்தைந்து நயா பைசா.

8.30. மட்டாஞ்சேரிப் படகு, கட்டணம் பதினைந்து நயா பைசா. பக்கத்தில் சுள்ளிக்கல்லில் குடியிருக்கும் திருநெல்வேலிக் கொத்தனார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். அரிசி மண்டிக்குப் பின்னால் இருக்கும் இப்ராகிம் ராவுத்தரை என்றேன்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லி கேஸ் நடக்குல்லா, அவரா? பத்திரத்தை எவனோ படிச்சவன்கிட்ட குடுத்துட்டு முழிக்காரு, பாவம்."

எவனோ இல்லை, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் மாணவர்களைச் சுற்றுலா கூட்டிவந்தபோது, ராவுத்தர் வீட்டுக் கொல்லையில்தான் நான்கு நாள் நான் சமைத்தேன். அவருடைய பாட்டனாருக்கு நிலக்காரர் அந்த வீட்டைத் தலைமுறை தலைமுறைக்கும் எழுதிக் கொடுத்த பத்திரத்தை அவர் காட்டினார். கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து ஒரு மாதத்தில் அனுப்புவதாகச் சொன்னீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார். ராவுத்தர் மிளகுத் தரகர். அங்கே தரகர்கள் இரண்டு கைகளையும் துண்டால் மூடி, விரலை அழுத்தி விலை முடிப்பார்கள். எழுத்து கிடையாது. அழுத்திய விரலை மாற்றியவன் மறுநாள் பஜாரில் நிற்க முடியாது. என் கையின்மேல் துண்டைப் போட்டு, "திரும்பி வருமா?" என்றார். நான் அழுத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

9.15. பஜார் தெருவில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே என்னை முதலில் கண்டுகொண்டவர் பக்கத்துக் கடைக்காரர். "ராவுத்தரே, காலேஜ் வந்திருக்கு. கதவும் ஜன்னலும் பாக்கியுண்டல்லோ, அதையும் கொடுத்துவிடு."

ராவுத்தர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் மனைவி கப்பைக்கிழங்கும் மீன் கறியும் வைத்தார். நான் கொண்டுபோனது உங்கள் கட்டுரை வந்த கல்லூரி மலர் ஒன்றுதான். அதில் பத்திரத்தின் படம் முழுதாக இருக்கிறது, கோர்ட்டுக்கு உதவும் என்று நினைத்தேன். அவரும் படத்தைத் தடவிப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தார்.

11 மணிக்கு வக்கீல் வீட்டுக்குப் போனோம். படம் போதாது, அசல் வேண்டும் என்றார் வக்கீல். பிறகு படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷ் வரியைப் படித்துச் சொன்னார்: கட்டுரை ஆசிரியரின் சொந்தச் சேகரிப்பு.

"அப்போ இது பேராசிரியரோட சொத்தா? இதை எதிர்க் கட்சிக்காரன் கண்டா உங்க கதை தீர்ந்தது. உள்ள வைங்க."

இரண்டு வருடம் நான் தூசி தட்டிய மலர் அது. அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. உதவி என்று நினைத்து வினையைச் சுமந்து போயிருக்கிறேன்.

ராவுத்தரோடு பஜாருக்குத் திரும்பி நடந்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கடைசி விசாரணை அடுத்த மாதம். அதற்குள் அசலோடு வருகிறேன் என்று கையை நீட்டினேன். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது.

"வேணாம் தம்பி. நீ கள்ளன் இல்லை, எனக்கு அறியாம், நல்லாத் தெரியும். ஆனா பத்திரத்தை என் முன்னாலே வெச்சிட்டு நீட்டு. அதுவரைக்கும் இந்தக் கை துண்டுக்குள்ள வர வேணாம்."

பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

2 மணிப் படகில் திரும்பினேன். நம் கல்லூரியில் ஒவ்வொரு நாற்காலிக்கும் நம்பர் இருக்கிறது. ஒரு பையன் நூலகப் புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தால் அவன் பெயரைப் பலகையில் ஒட்டுவது நான்தான். உங்கள் பெயரை எங்கே ஒட்டுவது?

விசாரணைக்கு முன்னால் கல்லூரி நாள் வருகிறது. அன்று மேடையில், மாணவர்கள் எல்லோரும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள் ஐயா: அந்தப் பத்திரம் யாருடையது? இப்போது எங்கே இருக்கிறது? நாற்காலி போட்டுவிட்டு மேடை ஓரத்திலேயே நிற்பேன். பதில் சொல்லுங்கள்.