ஆற்றைத் தாண்டாத வோட்டு

நியூசிலாந்து காலனியாக இருந்தபோது அதன் தெற்குத் தீவில் கார்னோக் என்றொரு தொகுதி இருந்தது. ஒரே ஒரு தேர்தலைத்தான் கண்டது. அங்கே அடிக்கும் காற்றில், ஒரு மேட்டில் மேயத் தொடங்கிய ஆடு அடுத்த மேட்டில்தான் அசைபோடும். ஆற்றுக்குத் தென்கரையில் ஆடு மேய்த்தான் டூகல்ட் மக்ஃபீ. சொந்தமாகத் துண்டு நிலம் இருந்ததால் வோட்டும் இருந்தது.

முந்தைய குளிர்காலத்தில் அவன் மனைவி எஃபி அந்த ஆற்றில் குதிரையோடு இறங்கினாள். குதிரை மட்டும் கரையேறியது. இப்போது அதே துறையில் வெண்ணெய்க் கூடையோடு இறங்குகிறவள் மகள் மோராக். டூகல்டுக்கு உலகத்தில் வேண்டியது ஒரு பாலம். அதைக் கட்டித் தருவதாகச் சொன்னவர், தேர்தலில் நின்ற கொல்லர் நோபிள். எதிர்த்து நின்ற பண்ணை முதலாளி ஹார்க்னஸ் வடகரைக்காரர். அவருக்கு எதற்குப் பாலம்?

வோட்டை வாய்விட்டுச் சொல்லும் காலம் அது. தேர்தலன்று மலையில் மழை, ஆறு கரைபுரண்டது. வோட்டு மேசை வடகரையில், மதுக்கடை வாசலில்.

டூகல்ட் கரையோரம் நின்று, ஆடுகளை அழைக்கும் குரலில் கத்தினான்: "என் வோட்டு நோபிளுக்கு!"

மதுக்கடை நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

"காதுல விழுந்துச்சில்ல? எழுதுங்கய்யா!" என்றார் நோபிள்.

"மேசைக்கு முன்னால நின்னு சொல்லணும். அதான் சட்டம்," என்றார் அதிகாரி.

"வர முடிஞ்சா அவனுக்குப் பாலம் எதுக்குய்யா?"

"நீந்தி வரச் சொல்லுங்க," ஹார்க்னஸ் சிரித்தார். "குளிச்ச மாதிரியும் இருக்கும்."

டூகல்ட் இறங்கினான். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது பின்னாலிருந்து மோராக் அலறினாள்: "அம்மா போனது போதும்ப்பா, திரும்பி வாங்க!"

திரும்பினான். ஒரு வோட்டில் தோற்றார் நோபிள்.

அதற்குப்பின் மகளை நகரத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டான். ஆறு கொண்டுபோவதற்குப் பதில் நகரம் கொண்டுபோகட்டும் என்றான். நகரமும் திருப்பித் தரவில்லை. அடுத்த தேர்தலுக்குள் கார்னோக்கையும் நகரத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். பாலத்தின் பேச்சே போயிற்று.

வருடங்கள் கழித்து, நகரத்து வோட்டுச்சாவடியில் ஒரு கிழவன் நின்றான். கையில் சீட்டைக் கொடுத்தார்கள். ரகசிய வோட்டு வந்துவிட்டது. அவன் உரக்கச் சொன்னான்: "நோபிளுக்கு."

"பெரியவரே, சத்தமா சொல்லக்கூடாது. அந்தப் பேர்ல யாரும் நிக்கவும் இல்ல."

"தெரியும் தம்பி. அவர் செத்தே நாளாச்சு. மேசைக்கு முன்னால நின்னு சொல்லணும்னாங்க. அதான், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."