பொத்தான் அளவில் இரண்டு காவல்

என் தங்கச்சி வால்வு ஆம்பிளிஃபயர் ரிப்பேர் செய்கிறவள். தெருவில் அவளுக்குப் 'புகை' என்று பெயர்.

பெயர் சும்மா வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்கேட்டிங் அரங்கத்து ஆம்பிளிஃபயர் பெட்டியைச் சரிசெய்தவள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறதே என்று ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுப் பாட்டை ஓட்டிப் பார்த்தாள். சத்தமில்லை என்றால் பெட்டிக்கு ஓய்வு என்றுதான் யாரும் நினைப்போம். வால்வுப் பெட்டி அப்படியில்லை. ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியில்லாமல் உள்ளேயே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறும். டிரான்ஸ்ஃபார்மர் கருகி வீடெல்லாம் புகை. அந்தக் குழந்தையின் தூக்கம் மட்டும் கலையவில்லை.

வேறு யாரும் வால்வைத் தொடமாட்டேன் என்றதால், அரங்கத்துக்காரர் அதே பெட்டியோடு போன வாரம் மறுபடி வந்தார்.

"இந்தத் தரமும் புகைஞ்சுதுன்னா புது செட்டு வாங்கிருவேன்மா. உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காதீங்க" என்றாள். ஆனால் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெயரைக் கழுவ அவளுக்கு இந்தப் பெட்டியை விட்டால் வேறு பெட்டி கிடையாது.

நான் லாரி ஓட்டுகிறவன். கனமான பெட்டியை மேசையில் தூக்கி வைத்தேன். "தூக்குறது நானு, பேர் வாங்குறது நீயா?"

"பேருதான் ஏற்கெனவே வாங்கியாச்சேண்ணா."

டிரான்ஸ்ஃபார்மர் கால்களில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வில்லைகளைப் பற்றவைத்தாள். ஸ்பீக்கர் வயர் சொருகும் இடத்தில் தடித்த ரெசிஸ்டர் ஒன்று. வயர் போனாலும் பெட்டிக்குக் கொஞ்சம் சுமை இருக்குமாம்.

"பொத்தான் எதுக்கு?"

"வோல்டேஜ் அளவா இருந்தா சும்மா கெடக்கும். எகிறினா குறுக்க விழுந்து வாங்கிக்கும்."

"நம்ம அம்மா மாதிரி."

"அம்மா எப்போ சும்மா கெடந்தாங்க?"

சனிக்கிழமை காலை அரங்கத்தில் பாட்டு முழுச் சத்தத்தில் போனது. பிள்ளைகள் சுற்றிச்சுற்றிப் பறந்தார்கள். நான் ஓரமாக நின்றிருக்கலாம். பெருமை விடவில்லை. யாரோ "ரிப்பேர் யாரு?" என்று கேட்க, தங்கச்சியைக் காட்டத் திரும்பினேன். ஸ்பீக்கர் வயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது.

பாட்டு செத்தது. சக்கரங்களின் சத்தம் மட்டும். அரங்கத்துக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார், புகை எங்கே என்று. தங்கச்சி பதறாமல் சுவிட்சை அணைத்து, வயரைச் சொருகி, மறுபடி போட்டாள். வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். பிரேக் பிடிக்காத இறக்கத்தில்கூட நான் அவ்வளவு நேரம் மூச்சை அடக்கியதில்லை.

ம்ம் என்று ஒரு முனகல். அப்புறம் பாட்டு. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள், நானும் போட்டேன்.

"கண்ணு எங்கப்பா இருக்கு உனக்கு?" என்று அரங்கத்துக்காரர் என் மேல் பாய்ந்தார்.

"அவரைத் திட்டாதீங்க. நான் செய்யப் பயந்த டெஸ்ட்டை எங்கண்ணன் செஞ்சு குடுத்துட்டாரு."

அரங்கத்துக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என் மச்சான்கிட்ட இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கு. அதுக்கும் பொத்தான் தைச்சுக் குடும்மா. வரும்போது இந்தத் தடியன் மட்டும் வேணாம்."

"அவரு வரலைன்னா பெட்டியை யாரு தூக்குறது?" என்றாள் தங்கச்சி.