சாம்பிளைப் பார்த்து ஓகே செய்த ட்ரில்

திங்கட்கிழமை காலை டியூட்டிக்குப் போனால் என் டேபிள் மேல் ஒரு கார்ட்லெஸ் ட்ரில் இருந்தது. பக்கத்தில், பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்வதற்காக மாட்டும் ஸ்டீல் கைப்பிடி. அதன் ஸ்க்ரூக்களோடு, சுவர் ஓட்டைக்குள் இறக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. செக்கிங் செக்‌ஷன் சரஸ்வதி வைத்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். எனக்கு உட்கார மனம் வரவில்லை. அந்த ட்ரில்லைத் தேர்ந்தெடுத்து ஓகே சொன்னவன் நான்தான்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். தையல் மெஷின், கம்ப்ரஸர், பாய்லர், ஜெனரேட்டர், போதாததற்கு முதலாளி வீட்டுத் தண்ணீர் மோட்டார் வரை எல்லாம் என் தலையில்தான் விடியும். இது நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தைய வருடம் நடந்தது. ஏற்கெனவே உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருந்த நேரம்.

அந்தத் தீபாவளிக்குச் சின்ன முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் குக்கர், ஹாட்பாக்ஸ் என்று கொடுத்துச் சலித்துவிட்டது, இந்தத் தடவை ஸ்டாஃப் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு ட்ரில் கொடுக்கலாம் என்றார். விலை குறைவாக இருக்கவேண்டும், ஸ்க்ரீன் ராடு மாட்டுவது, கண்ணாடி மாட்டுவது போன்ற சின்ன வீட்டு வேலைகளுக்கு ஆகவேண்டும். ஏஜென்ட் மூன்று சாம்பிள் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க பாத்து ஓகேன்னு சொல்லிட்டாப் போதுமுங்கண்ணா. வேற யாரையும் நான் கேக்கறதில்லீங்க" என்றார் சின்ன முதலாளி. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் அந்த வயதிலும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போகிறது.

நான் சோதித்த முறையில் இன்றைக்கும் குறை சொல்லமுடியாது. பெரும்பாலானவர்கள் ட்ரிக்கரை அமுக்கி, சத்தத்தைக் கேட்டு, தலையை ஆட்டிவிடுவார்கள். காற்றில் எந்த ட்ரில்லும் சுற்றும், லோடு கொடுத்தால்தான் சாயம் வெளுக்கும். பேட்டரி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வோல்ட்டையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. முதலில் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் சக்கில் நீளமான பிட்டை மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, முனை ஆடுகிறதா என்று பார்த்தேன். பிறகு முழுச் சார்ஜில் பழைய கட்டிங் டேபிள் பலகையில், ட்ரில் நிற்கும்வரை ஸ்க்ரூ ஏற்றினேன். நடுநடுவே மோட்டார் பக்கம் கை வைத்துச் சூடு பார்த்தேன். கடைசியாக மெக்கானிக் ரூம் செங்கல் சுவரில் நாலு ஓட்டை. முதல் ட்ரில்லில் பிட் ஆடியது. இரண்டாவதில் பத்தாவது ஸ்க்ரூவிலேயே கருகல் வாடை வந்தது. மூன்றாவது, பச்சைக் கலர், அலுங்காமல் எல்லா வேலையையும் செய்தது. அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரால் கையெழுத்துப் போட்டு, இதையே ஆர்டர் போடச் சொன்னேன்.

சரஸ்வதி எங்கள் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் பார்ப்பவள். கணவர் முருகேசன் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று மாத எக்சர்சைஸில் சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். ஆனால் பாத்ரூம் போக ஒரு ஆள் வேண்டும். இவள் எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்துவிட்டால் வீட்டில் யாரும் இல்லை, பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடவேண்டும்.

கிஃப்ட் கொடுத்த அன்று ட்ரில் பெட்டியோடு என்னிடம் வந்தாள். "இன்னொருத்தர் கையப் புடிச்சுட்டுப் போறதுக்கு அவருக்குக் கூச்சமா இருக்குதுங்கண்ணா. ஒரு கைப்பிடி வெச்சா தனியாவே போயிருவாராமா. இதுல செவுத்துல ஓட்டை போட்டாத் தாங்குங்களா?" என்று கேட்டாள்.

செங்கல் சுவர்தானே, தாராளமாகத் தாங்கும், நானே போட்டுப் பார்த்தேன் என்றேன். அவள் மறுகேள்வி கேட்கவில்லை. அவள் தம்பி வந்து அந்த ட்ரில்லாலேயே ஓட்டை போட்டுக் கைப்பிடியை மாட்டிக் கொடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பிடித்ததும் அது கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. விழுந்ததில் அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. நன்றாக இருந்தது அந்த ஒரு கைதான்.

டேபிள் மேலிருந்த அவள் ட்ரில்லில் பிட்டை மாட்டிச் சுற்றவிட்டேன். முனை கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. பிட் ஆடினால் ஓட்டை அளவைவிட அகலமாகும், பிளக் இறுகிப் பிடிக்காது. பீரோவிலிருந்து என் கையெழுத்துப் போட்ட சாம்பிளை எடுத்துவந்தேன். அதே பச்சை, அதே எழுத்து, அதே பெட்டி. இரண்டு பேட்டரியையும் பேக்கிங் தராசில் வைத்தால் இவளுடையது நன்றாகவே எடை குறைவாக இருந்தது. ட்ரில்லைக் கழற்றிப் பார்த்தால், சக்கைத் தாங்கும் இடத்தில் சாம்பிளில் இரும்பாக இருந்த பாகம் இதில் பிளாஸ்டிக்.

எங்கள் கம்பெனியிலும் சாம்பிள் செக்‌ஷன் என்று தனியாக உண்டு. இருப்பதிலேயே நல்ல டெய்லர், நல்ல துணி, ஒரு பீஸுக்கு ஒரு நாள்கூட உட்காருவார்கள். அது சரக்கு வாங்கும் பையருக்குப் போகும். ஆர்டர் கிடைத்தபின் மொத்தமாகப் பல்க் தைப்பது வேறு கை, வேறு லாட் துணி. அது தெரிந்துதான் பையரின் ஆள் நேரில் வந்து, தனக்குப் பிடித்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கை ஏற்றவிடமாட்டான். அவனை நானும் எத்தனையோ முறை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ட்ரில் அறுபதும் வந்து இறங்கிய அன்று நான் பாய்லர் வேலையில் இருந்தேன். களைப்பாக இருந்தது. ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டேன். திருப்பூரில் இத்தனை வருடம் பழம் தின்று கொட்டை போட்டவன், எவனோ கொடுத்த சாம்பிளை நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சின்ன முதலாளியிடம் சொன்னேன். ஏஜென்ட்டிடம் மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய், யாரும் இதைச் சுவரில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியின் ஒயர் வைத்த ஹேமர் ட்ரில்லை எடுத்துக்கொண்டு சரஸ்வதி வீட்டுக்குப் போனேன். முருகேசன் கட்டிலில் இருந்தார், இடது கையில் மாவுக்கட்டு. தப்பு என்னுடையது என்றேன். அவர் பரவாயில்லை என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். பழைய ஓட்டைகளை விட்டுத் தள்ளி, புது இடத்தில் துளை போட்டு, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் இறக்கிக் கைப்பிடியை முடுக்கினேன். என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை.

"இனி ஒண்ணும் ஆகாது அம்மிணி. நான் இழுத்துப் பாத்துட்டேன்" என்றேன்.

சரஸ்வதி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "கொஞ்சம் நவுருங்கண்ணா. நானும் ஒருக்காப் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கினாள். இறங்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தொங்கினாள். கோபம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ட்ரில் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடைக்காரர் மேஜையில் வைத்திருப்பதைச் சோதித்துவிட்டு, ஒட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எது உங்கள் வீட்டுக்கு வரப்போகிறதோ அதையே பிரித்து, பிட் மாட்டி, மரத்தில் ஏற்றிப் பாருங்கள். தெரிந்தவர் நல்லது என்று சொன்னாலும் பாருங்கள். நான் சொன்னாலும் பாருங்கள்.

தை மாதம் முருகேசனுக்குக் கட்டுப் பிரித்தார்கள். இப்போது அவர் தனியாகவே பாத்ரூம் போகிறார் என்று சரஸ்வதி சொன்னாள். கைப்பிடி கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்கண்ணா. தினமும் டூட்டிக்குக் கெளம்பறக்கு முன்னால ஒருக்காத் தொங்கிப் பாத்துட்டுத்தான் வரேனுங்க" என்றாள்.