சப் ஊஃபர் மாட்டுகிறவனின் காது

வீட்டு ஸ்டீரியோவுக்குத் தரை அதிர வைக்கிற பெட்டி, சப் ஊஃபர், மாட்டிக் கொடுக்கிற தொழிலுக்குக் கடை வேண்டாம், போர்டு வேண்டாம், காது நன்றாகக் கேட்டால் போதும். எனக்கு அதுதான் கொஞ்ச நாளாகத் தகராறு. தம்மென்று அடிக்கிற சத்தமெல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. வெளியே தெரிந்தால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். டாக்டரிடம் போகவும் பயம். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறேன். பிழைப்பு போய்விடுமோ என்று உடம்புக்கு வந்ததை மறைத்தவர்களுக்கு இது புரியும்.

கூட்ஸ் வண்டி

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. பழைய ஆம்ப்ளிஃபயர், சப்பின் வயரைச் சொருகத் தனியாகத் துளை கிடையாது. ஸ்பீக்கர் வயரையே சப்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஸ்பீக்கருக்கு எடுத்தேன். பாட்டைப் போட்டதும் தரை அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஆடின. வீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, டீ சொல்லி அனுப்பினார். எனக்கும் பெருமைதான்.

சப்புக்கு நான் கரண்டே போடவில்லை. காது சரியாக இருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வெளியே கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டியதும் அவர் முகம் மாறியது.

“இன்னாபா, டீ வர்றதுக்குள்ளயே அடங்கிப்பூட்ச்சி?”

மாதா

அடுத்தது ராயபுரம், ஸ்டெல்லா அக்கா வீடு. மாதா சுரூபம் வைத்திருந்த பலகைக்குக் கீழேதான் சப்புக்கு இடம் இருந்தது. இந்த முறை கரண்ட் போட்டதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ஆனாலும் எனக்குச் சத்தம் போதவில்லை. பெட்டியின் பின்பக்கம் இருக்கிற சத்தத் திருகை ஏற்றினேன். இன்னும் போதவில்லை, இன்னும் ஏற்றினேன். அக்கா ஓடிவந்து பலகையின் ஓரத்தில் இரண்டு கையையும் ஏந்தி நின்றார்.

“மாதா வூட்ட வுட்டுக் கெளம்பிகினு கீறாங்க, நீ இன்னும் திருகிகினே கீற.”

இரண்டு கைகள்

அதற்குப் பிறகு காதை நம்புவதை விட்டேன். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்துத்தான் திருகுகிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நெட்டுக்குப்பத்தில் கூப்பிட்டவர் பாய்லர் பக்கத்திலேயே வேலை செய்து காது போனவர். பாட்டு கேட்காவிட்டாலும் தாளத்தின் அடி நெஞ்சில் படும் என்று சப் வாங்கியிருந்தார். எப்படியும் இவருக்குத் தெரியப்போவதில்லை என்று நிம்மதியாகக் கையை வைத்தேன். அவரும் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். பெட்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். பிறகு, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“நானும் வேல பூடும்னு யார்கிட்டயும் சொல்லாமத்தான் இருந்தேன் மாமு. இப்போ பேத்தி கூப்ட்டாகூட கேக்கல.”

இப்போது ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன், ஊருக்கெல்லாம் சத்தம் ஏற்றிக் கொடுத்தவன், என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு.