சுதனின் அம்மா சொன்னதை நான் சொல்லவில்லை

ஒரு தாய் என்னை நம்பிச் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். தவறுதலாக அல்ல... தெரிந்தே!

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பெற்றோர் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாடத்தின் நடுவே ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்கும். பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு!

அன்றும் அந்த நினைப்போடுதான் எழுந்து போனேன். பள்ளியின் உப அதிபரின் அறையில் சுதனும் அவனுடைய அம்மாவும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் காணாதவர்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாணவனின் பல் உடைந்திருந்தது. ஹாக்கி மட்டையும் கையுமாக நின்றவன் சுதன்.

ஏன் அடித்தான் என்று கேட்கச் சொன்னார் உப அதிபர். கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவன் அடிக்கேல்லை பிள்ளை. அடிச்சது உம்மட தம்பி. இவன் மட்டையைப் பறிச்சவன், அவ்வளவுதான். உமக்குக் கஷ்டம் எண்டு தெரியும்... எண்டாலும் சொல்லும்."

என் தம்பி! அதே பள்ளியில் படித்தவன், முன்பே ஒரு சண்டைக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. பள்ளியில் பிள்ளை பிரச்சினைப்பட்டால் வழக்கே போய்விடும் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோரும் நம்பினோம். உண்மையா என்று எவரிடமும் கேட்கவில்லை. கேட்கவே பயம்.

சுதன் வீட்டு வழக்கும் முடியவில்லைதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும்...

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

"மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சுதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்ததே... ச்சீ!

அவனைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். வேறு பள்ளிக்கு அவன் போகவில்லை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவப் போனான். என் தம்பி படித்தான். இன்று மிசிசாகாவில் நல்ல வேலை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

பள்ளி முடித்த அடுத்த ஆண்டு, தமிழ்க் கடையில் சுதனின் அம்மாவைக் கண்டேன். ஒளிய இடமில்லை. அவரே கிட்ட வந்தார்.

"சொந்தத் தம்பி எண்டும் பாராமல் நீர் எடுத்துச் சொன்னனீர். அவங்கள்தான் நம்பேல்லை. உண்மையைச் சொல்லியும் நம்பாத இடத்தில படிச்சென்ன எண்டு சுதன் விட்டிட்டான் பிள்ளை."

யாரும் அவர்களை நம்ப மறுக்கவில்லை! அவர்கள் சொன்னது அந்த அறையில் எவர் காதிலும் விழவேயில்லை. அதை அங்கேயே, வெண்டைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவிலேயே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்...

"ஓம் அன்ரி" என்று ஆமோதித்தேன்.

அவர் இன்னும் ஸ்காபரோவில்தான் இருக்கிறார். வீடு தெரியும். ஒரே பஸ்தான். நான் இன்னும் போகவில்லை.