மைக் முன்னால் நிறுத்தப்பட்ட என் மகள்

ஆண்டவருடைய பிள்ளைகளே, கோபத்தோடுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஐப்பசி மழையில், தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் லைனில் இருந்த எங்கள் வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. என் கணவர் அதிலேயே போய்விட்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனியை அக்கம்பக்கத்தார் மண்ணைத் தள்ளி உயிரோடு எடுத்தார்கள். நான் அப்போது பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன்.

அவள் பள்ளிக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமையே, காலை ஜெபத்தில் தலைமையாசிரியை அவளை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார். "கர்த்தர் உன்ன எப்படிக் காப்பாத்துனாருன்னு சாட்சி சொல்லும்மா." சொல்லியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? விருந்தாளி வந்தால் ஜெனி. உபவாச ஜெபம் என்றால் ஜெனி. அப்பா செத்ததை ஒரு பிள்ளை எத்தனை தடவைதான் சொல்லும்? கேட்டவர்களுக்கு விசுவாசம் வளர்ந்ததாம். என் பிள்ளைக்குப் பேச்சே நின்றுபோனது. அப்போதும் விடவில்லை. அவளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத் தலைமையாசிரியையே கதையைச் சொன்னார்.

வானம் இருட்டினால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். "நடிக்கிறா" என்று வகுப்பாசிரியை அவளை வெளியே நிற்க வைத்தார். மழையில்! கடைசியில் தலைமையாசிரியை எனக்கு ஆள் அனுப்பினார். "இன்னாம்மா இது? மத்த புள்ளைங்களும் கெட்டுப்போவுது. டிசி வாங்கினு போங்க." சாட்சி சொல்லச் சொன்ன அதே வாய்.

வீட்டில் முழங்கால் போட்டேன். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, இவங்க எம்புள்ள வாய அடைச்சிட்டாங்க. நீங்கதான் தொறக்கணும். இல்லன்னா இனிமே என்னாண்ட வராதீங்க" என்று சண்டை போட்டேன். தினமும் அதே சண்டை.

டிசி வேண்டாம் என்று கெஞ்சுவதற்காக மறுபடி பள்ளிக்குப் போனேன். அன்று வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்திருந்தார். மேடையில் ஜெனி. "இன்னிக்காவது சொல்லு" என்று மைக்கை அவள் கையில் திணித்தார் தலைமையாசிரியை.

ஜெனி வாயைத் திறந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன் மிஸ்."

மாதக்கணக்காக நான் கேட்காத குரல். தலைமையாசிரியை, "பெரியவங்க பேச்சக் கேக்க மாட்டியா?" என்று சீறினார். விளையாட்டு டீச்சர் மேரி மேடையேறி ஜெனியின் கையைப் பிடித்தார். "கால் ஒடைஞ்ச புள்ளைய ஓடச் சொல்லுவோமா மேடம்? வுடுங்க." அந்தப் போதகர் எழுந்து, "மன்னிச்சிரும்மா" என்று என் மகளிடம் சொன்னார். டிசி பேச்சு அன்றோடு போனது.

இப்போது ஜெனி வகுப்பில் கதவோரத்தில் உட்காருகிறாள். மழை வந்தால் யாரையும் கேட்காமல் மேரி டீச்சர் அறைக்குப் போகலாம். அங்கே யாரும் எதையும் விசாரிப்பதில்லை. போன மழைக்கு வகுப்பிலேயே இருந்தாளாம். வீட்டில் என்னோடு வாயாடுகிறாள். ஸ்தோத்திரம்!

உங்களுக்கும் அழகான ஜெபம் வராவிட்டால் சண்டை போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அடிபட்ட பிள்ளையிடம் சாட்சி கேட்காதீர்கள்.

எழுதியதை ஜெனிக்குப் படித்துக் காட்டினேன். "இன்னா வேணா எழுதிக்கம்மா. சொவருக்கு அடியில நடந்தத மட்டும் எழுதாத" என்றாள்.

மேடையில் அத்தனை தடவை பேசியும் அவள் அதைச் சொன்னதில்லை. எனக்கும் சொன்னதில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.