சேவக்கொண்டைக் கரட்டில் வேலையை நிறுத்தியவர்

நேற்று ஜலகண்டாபுரம் சந்தையில் பழைய சுரங்கத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். "பழனியம்மா போய்ச் சேந்துட்டாங்க சாமி" என்றார். அந்த அம்மாளுக்குச் செய்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்த காரியம் ஒன்று பாக்கி கிடந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்தத்துக்கு முன்னால், சேலத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் கூடை சுமக்கும் நாற்பது பெண்களுக்குப் பழனியம்மாள் அவர்கள் தலைவி. நான் ஓவர்சியர். பள்ளத்தின் மேல்விளிம்பில் சிவந்த பாறை பல்லுப்பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். சேவலின் கொண்டை போல இருப்பதால் அதைச் சேவக்கொண்டை என்பார்கள். அதில் ஒரு விரிசல் உண்டு. அம்மையார் அந்த விரிசலில் மண் அடைத்துக் கோழிக்கொண்டை விதை தூவிவைத்தார்.

"கல்லுக்குப் பூ வைக்கிறீங்களாக்கும்!" என்று சிரித்தேன்.

"சிரிக்காதீங்க சாமி. விரிசல் அகண்டா மண்ணு உள்ளே எறங்கீரும், செடியும் போயிரும். கீழே இருந்தே தெரியோணுமில்லீங்க?"

மழை முடிந்ததும் பாறையில் வரிசையாகச் சிவப்பாய்ப் பூத்தது. தினமும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்குவார்.

ஒரு நாள் காலை அண்ணாந்தவர் நின்றுவிட்டார். "பூவைக் காணமுங்க." இறங்கும் பாதையின் குறுக்கே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாலைக்குள் கல் ஏற்றும் ரயில் வாகன் நிரம்ப வேண்டும் என்பது துரையின் உத்தரவு. "ஆடு மேய்ந்திருக்கும். இறங்காதவங்களுக்கு நாளைக்கு வேலை இல்லை!" என்று கத்தினேன்.

"நாளைக்கு வாரதுக்கு உசுரு வேணுமில்லீங்க?"

ஒருத்தியும் அசையவில்லை. நானே இறங்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அம்மையார் என் கோட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. தையல் பிரிந்தது. நாற்பது பேர் முன்னால் இப்படியா என்று குமைந்தேன். அங்கேயே வேலையாட்கள் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்தது. பாறை அப்படியேதான் இருந்தது. "பார்த்தீங்களா?" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயத் தொடங்கியபோது மேலிருந்து பொடிக்கல் உதிர்ந்தது. அடுத்த மூச்சில் கொண்டை முழுவதும் பள்ளத்தில் விழுந்தது. புழுதி அடங்கும்வரை எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அன்று துரைக்கு நான் எழுதினேன்: 'ஆபத்தை உணர்ந்து ஓவர்சியர் வேலையை நிறுத்தினார்.' அட வெட்கங்கெட்டவனே! எனக்குப் பாராட்டு வந்தது. அடித்த பெயர் அடித்தபடியே கிடந்தது.

சில மாதம் கழித்து அம்மையாரை வழியில் பார்த்தேன். பருத்திக் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். "தொரைக்கு எழுதுன அந்தக் காயிதத்தை மாத்தி எழுதிப்போடுங்க சாமி. நான் வேலைக்கு வாரேன்" என்றார்.

"எழுதறேங்கம்மா" என்றேன். எழுதவில்லை. பாராட்டு போய்விடுமே என்ற பயம். கடைசிவரை அவர் அந்தச் சுரங்கத்துக்குத் திரும்பவில்லை.

இன்று அடக்கத்துக்குப் போனேன். அந்தப் பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோழிக்கொண்டைப் பூவைக் குழிமேட்டில் செருகினார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாங்கக் கை கூசியது.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். அன்று வேலையை நிறுத்தியவர் பழனியம்மாள். ஓவர்சியர் அல்ல. மாற்றி எழுதிவிட்டேன், அம்மா. போய் வாருங்கள்.